நாய் படாத பாடு



நம்முடைய அன்றாடப் பேச்சில் நாயைப்போல இவ்வளவு இகழப்படுகிற ஜீவன் வேறொன்று உண்டோ என்பது சந்தேகமே. வேலையில் துன்பம் நேர்ந்தால், நாய் படாத பாடு படுகிறேன் என்கிறோம். சம்பளம் மாதக் கடைசிவரை எட்டாவிட்டால், இது என்ன நாய்ப் பிழைப்பு என்று சலித்துக்கொள்கிறோம். ஒருவனை அவமதிக்க வேண்டுமானாலும் அந்தப் பெயரே முதலாவது நம் நாவில் வந்து நிற்கிறது. ஆங்கிலம் பேசுகிற ஜனங்களிடத்திலும் இந்த வழக்கம் உண்டு. அல்லல் நிறைந்த வாழ்க்கையை நாயின் வாழ்க்கை என்றே அவர்களும் சொல்லுவார்கள்.

அந்த வழக்குச் சொல்லையே தலைப்பாக வைத்து, 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு குறும்படம் வெளியாயிற்று. 'எ டாக்ஸ் லைஃப்' என்பது அதன் பெயர். அதை எழுதி, இயக்கி, தாமே நடித்தவர் சார்லி சாப்ளின். மூன்றே சுருள்களில் அடங்கிய மௌனப் படம் அது. ஏறக்குறைய 40 நிமிடங்களில் முடிந்துவிடும். இந்த மாதம் அந்தப் படத்தைக் குறித்து உங்களோடு சில காரியங்களைப் பேச விரும்புகிறேன்.

இந்தப் பக்கத்தில் திரைப்படத்தைப் பற்றியா என்று சிலர் நினைக்கலாம். நம்முடைய வீடுகளில் சினிமாவைத் தவிர்ப்பது வழக்கம். அந்த வழக்கத்திற்குப் பின்னால் இருக்கிற அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எதைப் பார்க்கிறோமோ அது நம்மை உருவாக்குகிறது என்பது உண்மை. ஆனால் அதே காரணத்திற்காகவே, பார்க்கத் தகுந்தது ஒன்று இருக்குமானால் அதையும் சொல்லித்தர வேண்டியது நம் கடமை. இன்று நம் பிள்ளைகளின் கையில் கைபேசி இருக்கிறது. எதைப் பார்க்கக்கூடாது என்று மாத்திரம் சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா? வசனமே இல்லாத இந்தப் பழைய படத்தை, எந்த மொழி அறிந்தவரும் அறியாதவரும் விளங்கிக்கொள்ளலாம். அதிலே குற்றம் சொல்லத்தக்க காரியங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் பேசுவோம்.

வேலை வாசலில் நின்ற மனுஷன்

கதை ஒரு காலி மனையில் தொடங்குகிறது. பலகை வேலி ஒன்றின் ஓரமாய், வெறுந்தரையில் ஒரு மனுஷன் படுத்திருக்கிறான். இறுக்கமான கோட்டு, தொளதொளத்த கால்சட்டை, காலுக்குப் பொருந்தாத பெரிய பூட்ஸ், வட்டத் தொப்பி என்று அவனுடைய கோலத்தை உலகமே அறியும். அவனுக்கு வீடு இல்லை. வேலியில் இருக்கிற துவாரத்தின் வழியாய்க் குளிர்காற்று வருகிறது. அவன் ஒரு துணியை எடுத்து அந்தத் துவாரத்தை மாத்திரம் அடைத்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்ளுகிறான். மேலே கூரை இல்லை, சுற்றிலும் சுவர் இல்லை. ஆனாலும் வீட்டுச் சன்னலைச் சாத்துகிறவனைப்போல அவன் அதைச் செய்கிறான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்தபின் நெஞ்சில் ஏதோ குத்தும்.

பசி அவனை எழுப்புகிறது. வேலியின் மறுபுறத்தில் நின்று தின்பண்டம் விற்கிறவனிடமிருந்து ஒரு துண்டை எடுக்கப் பார்க்கிறான். காவலர் கண்டுவிடுகிறார். அவர் இந்தப் பக்கம் வந்தால் இவன் வேலிக்கு அடியில் உருண்டு அந்தப் பக்கம் போகிறான். அவர் அந்தப் பக்கம் போனால் இவன் திரும்ப இந்தப் பக்கம் உருளுகிறான். அதன்பின்பு வேலை தேடிப் புறப்படுகிறான்.

வேலைவாய்ப்பு அலுவலகம் ஒன்றில் ஆட்கள் தேவை என்று அறிவித்திருக்கிறார்கள். மதுபான ஆலை ஒன்றிற்கு ஆட்களை எடுக்கிறார்கள். உள்ளே பலகையில் வேலையற்ற மனுஷர் பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். சன்னல் திறந்ததும் இவன் எழுந்து ஓடுகிறான். அதற்குள் ஒருவன் முந்திக்கொள்ளுகிறான். திரும்பி வந்து உட்காருகிறான். மறுபடியும் எழுந்து ஓடுகிறான். மறுபடியும் இன்னொருவன் முந்திக்கொள்ளுகிறான். இப்படியே பலமுறை நடக்கிறது. கடைசியில் இவன் சன்னலண்டை போய்ச் சேரும்போது, வேலை தீர்ந்துபோயிற்று. சன்னல் சாத்தப்படுகிறது.

கவனியுங்கள். இவனைத் தள்ளினவர்கள் ஐசுவரியவான்கள் அல்ல. இவனைப்போலவே கிழிந்த உடையும் காலியான வயிறும் உடையவர்கள். தரித்திரனைத் தரித்திரன் தள்ளுகிறான். அவர்களைக் கெட்டவர்கள் என்று படம் சொல்லவில்லை. இருக்கிற வேலை சில, வந்திருக்கிற கைகள் பல, அவ்வளவுதான்.

எலும்பைச் சுற்றி நின்ற நாய்கள்

வெறுங்கையாய் வெளியே வருகிறவன் தெருவில் வேறொரு சண்டையைக் காண்கிறான். ஸ்கிராப்ஸ் என்னும் ஒரு தெருநாய் இருக்கிறது. அந்தப் பெயருக்கு மிச்சம் மீதி என்று பொருள். சிறிய உடல், யாருக்கும் சொந்தமில்லாத பிழைப்பு. அதற்குக் கிடைத்த கொஞ்ச ஆகாரத்தைப் பறிக்கும்படி பெரிய நாய்கள் கூட்டமாய் அதன்மேல் விழுகின்றன.

சற்றுமுன் அலுவலகத்தில் கண்ட அதே காட்சிதான் இது. அங்கே மனுஷர், இங்கே நாய்கள். அங்கே ஒரு சன்னல், இங்கே ஒரு எலும்பு. சாப்ளின் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மனுஷனை நாய்க்கு ஒப்பிட்டு இழிவுபடுத்துவது அவருடைய நோக்கமல்ல. பசியும் பற்றாக்குறையும் எந்த ஜீவனையும் எந்த நிலைக்குக் கொண்டுபோகும் என்பதை அவர் நம் கண்முன் நிறுத்துகிறார்.

ஆனால் இரண்டு காட்சிகளுக்கும் நடுவே ஒரு வித்தியாசம் உண்டு. அலுவலகத்தில் இவன் தள்ளப்பட்டபோது, ஐயோ பாவம் என்று ஒருவரும் எழுந்து வரவில்லை. தெருவில் அந்தச் சிறிய நாய் தாக்கப்பட்டபோதோ, இவன் நடுவே பாய்கிறான். அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். நாய்க்கூட்டம் இப்போது இவனைத் துரத்துகிறது. ஒரு நாய் இவனுடைய கால்சட்டையைக் கவ்விக்கொண்டு விடாமல் தொங்குகிறது. இவனிடத்தில் இருந்தது அந்த ஒரு கால்சட்டைதான். அதுவும் கிழிகிறது.

தனக்குக் கிடைக்காத ஒன்றை அவன் கொடுத்தான். இந்த முழுப் படத்திற்கும் ஆதாரமான காரியம் இதுவே என்று நான் எண்ணுகிறேன். கஷ்டம் மனுஷனை நல்லவனாக்கும் என்று நாம் சில வேளைகளில் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். பட்டவனுக்குத்தான் தெரியும் என்கிறோம். அது பாதி உண்மையே. பட்டவன் தள்ளவும் கற்றுக்கொள்ளலாம், தாங்கவும் கற்றுக்கொள்ளலாம். அலுவலகத்தில் இருந்த எல்லாரும் பட்டவர்கள்தான். ஆனால் தெருவில் நடுவே பாய்ந்தவன் ஒருவனே.

புட்டியின் அடியில் இருந்த பால்

நாயைக் காப்பாற்றியாயிற்று. இனி அதற்கு ஆகாரம் வேண்டுமே. ஒரு வாசற்படியில் வைத்திருந்த பால்புட்டியை இவன் காண்கிறான். அதன் அடியில் கொஞ்சம் பால் மாத்திரம் மிச்சம் இருக்கிறது. புட்டியின் கழுத்து குறுகலானது. நாயின் வாய் உள்ளே நுழையவில்லை. என்ன செய்வது? இவன் யோசிக்கிறான். நாயின் வாலைப் பிடித்துப் புட்டிக்குள் விட்டு, பாலில் தோய்த்து எடுத்து, அதையே நாய் நக்கும்படி கொடுக்கிறான்.

சிறு பிள்ளைகள் இந்தக் காட்சியைக் கண்டு கைகொட்டிச் சிரிப்பார்கள். பெரியவர்களாகிய நாம் இன்னொன்றையும் காணவேண்டும். இவனும் சாப்பிடாதவன்தான். கையில் இருப்பது நாலு சொட்டுப் பால். எனக்குப் போக மிஞ்சினால் பார்ப்போம் என்று அவன் சொல்லவில்லை.

பிரியமானவர்களே, நம்மில் அநேகர் இரக்கத்தை ஒரு பிற்கால வேலையாக வைத்திருக்கிறோம். முதலில் சொந்தமாய் ஒரு வீடு வாங்கட்டும், கடன் தீரட்டும், பிள்ளைகளின் படிப்பு முடியட்டும், அப்புறம் நாலு பேருக்கு உதவி செய்வோம் என்கிறோம். அந்த அப்புறம் வருவதேயில்லை. வீடு வந்தால் அதற்கு மேல் இன்னொரு தேவை வருகிறது. மிச்சத்திலிருந்து பிறக்கும் என்று நாம் காத்திருக்கிற இரக்கம், உண்மையில் குறைவிலிருந்துதான் பிறக்கிறது. குறைவில் கொடுக்கப் பழகாதவனுக்கு நிறைவிலும் கை நீளாது.

அண்ணனும் தம்பியும்

சாப்ளினுக்கு இந்தப் பசி கற்பனை அல்ல. அவர் 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி பிறந்து, லண்டனில் வளர்ந்தவர். தாய் ஹன்னா மேடைப் பாடகி. குரல் கெட்டுப்போனதால் பிழைப்பை இழந்தவர். தகப்பன் குடிப்பழக்கத்தால் குடும்பத்தை விட்டு விலகியிருந்தார். 1896-ஆம் ஆண்டில், ஏழு வயதுச் சிறுவனான சார்லியும், அவனுக்கு நான்கு வயது மூத்த அண்ணன் சிட்னியும், தாயோடு ஏழைகள் விடுதியில் சேர்க்கப்பட்டார்கள்.

அக்காலத்து இங்கிலாந்தில் ஏழைகள் விடுதி என்பது அன்பான அடைக்கலம் அல்ல. கதியற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு, வேலை வாங்கி, அளந்து ஆகாரம் கொடுக்கும் இடம் அது. உள்ளே போனால் தாய் ஒரு பகுதியிலும் பிள்ளைகள் வேறொரு பகுதியிலுமாகப் பிரிக்கப்படுவார்கள். பின்பு அந்தச் சிறுவர்கள் ஹான்வெல் என்னும் இடத்தில் இருந்த ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். 1898-ஆம் ஆண்டில் தாய் மனநோயாளிகளின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1901-ஆம் ஆண்டில் தகப்பன் மரித்துப்போனார். பன்னிரண்டு வயது முடிவதற்குள் ஒரு பிள்ளை காணவேண்டியதற்கு மேலாகவே அவர் கண்டுவிட்டார்.

இப்போது திரும்பவும் படத்திற்கு வருவோம். அதிலே ஒரு தள்ளுவண்டிச் சாப்பாட்டுக்கடை வருகிறது. பலகைமேல் ஒரு தட்டு நிறையப் பலகாரம் இருக்கிறது. கடைக்காரன் முகத்தைத் திருப்பும்போதெல்லாம் இவன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுகிறான். கடைக்காரன் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் அறியாதவன்போல நிற்கிறான். தட்டு காலியாகிக்கொண்டே போகிறது, கடைக்காரனுக்குச் சந்தேகம், ஆனால் கையும் களவுமாய்ப் பிடிக்கமுடியவில்லை. அந்தக் கடைக்காரனாக நடித்தவர் யார் தெரியுமா? அதே அண்ணன் சிட்னிதான்.

ஏழைகள் விடுதியின் வாசலுக்குள் ஒன்றாய் நுழைந்த அந்த இரண்டு பிள்ளைகள், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின், ஒருவர் ஆகாரம் வைத்திருக்கிறவராகவும் மற்றவர் ஆகாரம் இல்லாதவராகவும் ஒரே பலகைக்கு இருபுறமும் நிற்கிறார்கள். அதை எண்ணிக்கொண்டு பார்த்தால் அந்தக் காட்சியின் சிரிப்பு வேறுவிதமாய் ஒலிக்கிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். இந்தப் படத்தை எடுக்கிறபோது சாப்ளின் ஏழை அல்ல. எட்டுப் படங்களுக்குப் பத்து லட்சம் டாலர் என்று 1917-ஆம் ஆண்டில் அவரோடு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தமக்கென்று புதிதாய் ஒரு படப்பிடிப்புக் கூடத்தையும் அவர் கட்டியிருந்தார். அந்த ஒப்பந்தத்தின் முதலாவது படம் இதுதான். மாளிகையைப் பற்றியும் படம் எடுத்திருக்கலாம். அவரோ கதையைக் காலி மனையிலும் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் கொண்டுபோய் வைத்தார். சம்பாத்தியம் வந்தபோது, தாம் வந்த வழியை அவர் படத்திலிருந்து அழித்துவிடவில்லை.

நாய்களுக்கு அனுமதி இல்லை

படத்தின் நடுப்பகுதி ஒரு நடன விடுதியில் நிகழ்கிறது. குடியும் பாட்டும் நடக்கிற இடம். அங்கே நாய்களுக்கு அனுமதி இல்லை. துரத்தப்பட்ட இவன் நாயை விட்டுவிட்டுத் தனியே போகலாமே! போகவில்லை. தன்னுடைய தொளதொளத்த கால்சட்டைக்குள் அதை ஒளித்துக்கொண்டு திரும்ப நுழைகிறான். கால்சட்டையின் பின்புறத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியாய் நாயின் வால் வெளியே வந்து ஆடுகிறது. வாத்தியக்காரருடைய பெரிய மேளத்தின் அருகே இவன் நிற்கும்போது அந்த வால் மேளத்தை அடிக்கத் தொடங்குகிறது.

அந்த விடுதியில் ஒரு பெண் பாடுகிறாள். எட்னா பர்வையன்ஸ் என்னும் நடிகை அந்தப் பாத்திரத்தில் வருகிறார். அவள் பாடுவது துக்கமான பாட்டு. கேட்கிற எல்லாரும் அழுகிறார்கள். ஆனால் முதலாளிக்கு வேண்டியது பாட்டு அல்ல. வந்திருக்கிற ஆண்களைப் பார்த்துச் சிரிக்கவேண்டும், கண்சிமிட்டி அழைக்கவேண்டும், அவர்களை இன்னும் குடிக்க வைக்கவேண்டும். அவளுக்கு அது வரவில்லை. சொன்னபடி இவனைப் பார்த்துக் கண்சிமிட்டுகிறாள். இவனோ அவள் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுகிறான். இறுதியில் அவள் வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள். பணமில்லாத இவனும் வெளியே தள்ளப்படுகிறான்.

ஆக, தள்ளப்பட்டவர்கள் மூன்று பேர்: வேலை கிடைக்காத ஒரு ஆண், வேலைக்காகத் தன் மானத்தை விற்க அறியாத ஒரு பெண், எந்த வாசலிலும் இடமில்லாத ஒரு நாய். பிழைப்புக்காகப் பெருநகரத்திற்கு வந்த நம் குடும்பங்களில், வாடகை வீடு கேட்டுப் போய் ஊரையும் மொழியையும் சாப்பாட்டையும் சொன்னவுடனே வாசல் அடைபட்ட அனுபவம் உள்ளவர்கள் இந்தக் காட்சியை மற்றவர்களைக்காட்டிலும் நன்றாய் விளங்கிக்கொள்வார்கள்.

வேதத்திலும் நாய் பெரும்பாலும் இகழ்ச்சிக்குரியதாகவே பேசப்படுகிறது. இரண்டு கால்களும் முடமான மேவிபோசேத் ராஜாவின் முன்னிலையில் தன்னைச் செத்த நாய்க்கு ஒப்பிட்டே பேசினான் (2 சாமுவேல் 9:8). ஆனால் ஐசுவரியவானுடைய வாசலில் பருக்கள் நிறைந்தவனாய்க் கிடந்த லாசருவை நினைத்துப் பாருங்கள் (லூக்கா 16:20,21). வீட்டுக்குள் இருந்தவன் அவனைக் கண்டுகொள்ளவில்லை. அவனண்டைக்கு வந்தவை நாய்களே. வாசலுக்கு வெளியே போடப்பட்டவனுக்கு வாசலுக்கு வெளியே இருந்த ஜீவன்களே துணை. சாப்ளினுடைய படத்தில் வருகிற இருவருக்கும் உள்ள உறவு இதற்குத் தூரமானது அல்ல.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நாய்க்கு இரக்கம் காட்டச் சொல்லுகிறீர்களே, எங்கள் தெருவில் பிள்ளைகள் நடக்கப் பயப்படுகிறார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான். நம் நாட்டில் இது நீதிமன்றம்வரை போன காரியம். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி, தலைநகர்ப் பகுதியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றது. கண்ட இடத்தில் உணவு வைக்கவும் தடை விதித்தது. இரக்கம் என்பது கவனமின்மை அல்ல. நாய் கடித்தால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதோடுகூட, சும்மா படுத்திருக்கிற நாயின்மேல் கல்லெறியாதே என்றும் சொல்லிக்கொடுங்கள். இரண்டும் அவசியமே.

புதைக்கப்பட்ட பணப்பை

இனி, குற்றம் சொல்லத்தக்க காரியத்திற்கு வருவோம். குடிபோதையில் இருந்த ஒரு செல்வந்தனிடமிருந்து இரண்டு திருடர்கள் பணப்பையைப் பறித்து, காலி மனையில் புதைத்து வைக்கிறார்கள். அது இவன் படுக்கிற இடம். இரவில் நாய் மண்ணைத் தோண்டுகிறது. பணப்பை வெளியே வருகிறது. இவன் அதை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணைத் தேடிப் போகிறான். திருடர்கள் கண்டு அதைத் திரும்பப் பறிக்கிறார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, மயங்கிக்கிடக்கும் ஒரு திருடனுடைய கைகளுக்குப் பதிலாகத் தன் கைகளை நீட்டி, எதிரே உட்கார்ந்திருக்கிற மற்றவனை ஏமாற்றி இவன் பணத்தை மீட்கிறான். சாமர்த்தியம் வியக்கத்தக்கது. ஆனால் பணம் யாருடையது?

படம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. செல்வந்தனிடம் அது திரும்பப் போய்ச் சேரவில்லை. அந்தப் பணத்தைக்கொண்டே இவர்களுடைய புதிய வாழ்வு தொடங்குகிறது. இதை நாம் நியாயப்படுத்த முடியாது. பசிக்காகத் திருடுகிறவனை ஜனங்கள் இகழமாட்டார்கள் என்று சொல்லுகிற நீதிமொழிகளின் புத்தகமே, அவன் பிடிபட்டால் பன்மடங்காய்த் திரும்பக் கொடுக்கவேண்டும் என்றும் சேர்த்தே சொல்லுகிறது (நீதிமொழிகள் 6:30,31). பசியின்மேல் பரிதாபமும், திருட்டின்மேல் நியாயமும் அங்கே ஒன்றாய் நிற்கின்றன. பரிதாபத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டால் நியாயம் கெடும். நியாயத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டால், பசித்தவன் ஏன் பசித்தான் என்று கேட்க மறந்துபோவோம். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற பெற்றோர் இந்த இடத்தில் படத்தை நிறுத்தி, அவன் என்ன செய்திருக்கவேண்டும் என்று அவர்களையே கேட்கலாம். நல்ல பேச்சு ஒன்று வீட்டில் நடக்கும்.

இந்தக் காரியத்தில் இன்னொரு தப்பறையும் மறைந்திருக்கிறது. நாயைக் காப்பாற்றினான், நாய் பணத்தைக் காட்டிக்கொடுத்தது. ஆகையால் நன்மை செய்தால் பணம் வரும் என்று ஒருவர் முடிவுகட்டிவிடக்கூடும். கொடுத்தால் இத்தனை மடங்கு திரும்பும் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கிற பழக்கம் நம்முடைய நாட்களில் பெருகியிருக்கிறது. கதையைக் கூர்ந்து பாருங்கள். பெரிய நாய்களின் நடுவே அவன் பாய்ந்தபோது புதைந்திருக்கிற பணத்தைப்பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. திருடர்கள் அப்போது அதைப் புதைக்கவும் இல்லை. அவனுக்கு எதிரே இருந்தது ஒரு சிறிய நாயும் அதன் பயமும் மாத்திரமே. பணப்பை கிடைக்காமலே போயிருந்தாலும் அவன் செய்தது நன்மையே. பலனை எதிர்பார்த்துச் செய்கிற இரக்கத்திற்கு வியாபாரம் என்று பெயர்.

விதை போடுகிற கை

கடைசிக் காட்சி கிராமத்தில். கனவு கைகூடினதைப்போன்ற ஒரு நாள். பெரிய வைக்கோல் தொப்பி அணிந்து, உழுத சாலின் இருபுறமும் கால்வைத்து நடந்து, விரலால் மண்ணில் குழி குத்தி ஒவ்வொரு விதையாய்ப் போட்டுக்கொண்டே அவன் போகிறான். வயலோ பெரிது. வேலையை முடித்து வீட்டிற்குள் வருகிறான். அவனும் அவன் மனைவியும் ஒரு தொட்டிலைக் குனிந்து, பூரிப்போடு பார்க்கிறார்கள். தொட்டிலுக்குள்ளே இருப்பது நாயும் அதன் குட்டிகளும்!

எந்த வாசலிலும் அனுமதி இல்லாத நாய்க்கு, வீட்டின் மிக அருமையான இடமாகிய தொட்டில் கிடைத்திருக்கிறது. வாழ்வு வந்தபின் பழைய துணையை அவன் தெருவில் விட்டுவிட்டு வரவில்லை.

ஆயினும் நான் இந்த முடிவைக்குறித்து யோசிக்கும்போது ஒரு காரியம் மனதை உறுத்துகிறது. மூன்று பேர் தப்பிவிட்டார்கள். அந்த நகரம் அப்படியே இருக்கிறது. மறுநாளும் அந்த அலுவலகத்தின் சன்னல் திறந்திருக்கும்; பலகையில் வேறு மனுஷர் உட்கார்ந்திருப்பார்கள்; வலியவன் முந்துவான், எளியவன் பின்தங்குவான். தெருவில் இன்னொரு எலும்புக்காக இன்னொரு சண்டை நடக்கும். அந்த மிச்சக் கதை நம்முடைய கையில் இருக்கிறது.

உங்களுக்குப் பின்னால் நிற்பவர் யார்?

பிரியமானவர்களே, இந்தப் பத்திரிகையை வாசிக்கிற நம்மில் பெரும்பாலோர் ஏதோ ஒரு நாளில் கையில் ஒரு பெட்டியோடும், மடித்த காகிதத்தில் ஒரு விலாசத்தோடும் ஒரு பெரிய இரயில் நிலையத்தில் இறங்கினவர்கள், அல்லது அப்படி இறங்கினவர்களுடைய பிள்ளைகள். மொழி தெரியாமல் நின்றோம். வரிசையில் தள்ளப்பட்டோம். இன்றைக்கு நம்மில் அநேகருக்கு ஒரு அறையாவது, ஒரு சம்பளமாவது, பெயர் சொல்லி விசாரிக்க நாலு பேராவது இருக்கிறார்கள். வரிசையில் நாம் முன்னுக்கு வந்துவிட்டோம்.

இப்போது நமக்குப் பின்னால் நிற்பது யார்? அது நம் மொழி பேசுகிறவராக இருக்கவேண்டும் என்பதில்லை. கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிற பையன்களாக இருக்கலாம். இரவெல்லாம் வாயிற்காவல் செய்து, காலையில் தேநீருக்குக் காசில்லாமல் நிற்கிற முதியவராக இருக்கலாம். ஊரிலிருந்து நேற்று வந்து, உங்கள் ஆராதனையின் கடைசி வரிசையில் ஒருவரையும் அறியாமல் உட்கார்ந்திருக்கிற வாலிபனாக இருக்கலாம். அவர்களைப்பற்றி நம் வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? இவர்கள் வந்துதான் ஊர் கெட்டுப்போயிற்று என்கிறோமா? அந்த வாக்கியத்தை ஒரு காலத்தில் நம்மைக்குறித்து யாரோ சொன்னதை நம் பெரியவர்களிடம் கேட்டால் சொல்லுவார்கள்.

பெரிய காரியங்களை நான் கேட்கவில்லை. ஒரு வாடகை அறை காலியாவதை அறிந்தால் ஒருவனுக்குச் சொல்லுங்கள். உங்கள் பணியிடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்றால், தெரிந்தவனை மாத்திரம் உள்ளே தள்ளாமல், பலமுறை வந்து திரும்பிப்போனவனையும் நினைத்துக்கொள்ளுங்கள். வங்கிப் படிவம் நிரப்பத் தெரியாதவன் அருகே நின்றால், பேனாவை இரவல் கொடுப்பதோடு நிறுத்தாமல், இரண்டு நிமிடம் அவனோடு நில்லுங்கள். கோடைகாலத்தில் வீட்டு வாசலில் ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். பறவையோ நாயோ குடித்துவிட்டுப் போகட்டும். இவை ஒன்றிற்கும் பெரிய பணம் வேண்டியதில்லை. புட்டியின் அடியில் இருக்கிற நாலு சொட்டுப் பால் போதும்.

விடுமுறை நாளில் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, பிள்ளைகளோடு இந்தப் படத்தைப் பாருங்கள். சிரியுங்கள், சாப்ளின் அதற்காகவும் எடுத்ததுதான். முடிந்தபின் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நீ இருந்திருந்தால் எங்கே உட்கார்ந்திருப்பாய், என்ன செய்திருப்பாய்? அவர்கள் சொல்லுகிற பதிலைக் கேட்டபின், அதே கேள்விக்கு உங்கள் பதிலையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.